நாய்க்குட்டி வாயில் மருவா? பயப்படாதீங்க!



நம்ம பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் படகு நிழலில் நாலு நாய்க்குட்டி படுத்திருக்கும். சில சமயம் அதில் ஒன்றுக்கு உதட்டில் வெள்ளையாக, சொரசொரப்பாக ஏதோ முளைத்திருக்கும். உடனே, "இதுக்கு இன்னாமோ சீக்கு, புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும், கொண்டுபோய் அக்கரையில வுட்டுட்டு வா" என்பார்கள். தாயை விட்டுப் பிரிந்த குட்டி அங்கே பிழைப்பது கஷ்டம். ஆனால் அது பெரும்பாலும் தானாகவே போய்விடும் நோய்! கால்நடை மருத்துவரிடம் கேட்டும், படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அது என்ன?

அதன் பெயர் வாய் மரு. 'பாப்பிலோமா' என்ற வைரஸால் வருகிறது. முதலில் சின்னப் புள்ளியாக இருக்கும். பிறகு காலிஃபிளவர் பூ மாதிரி ஆகும். உதடு, ஈறு, நாக்கு, அண்ணம் எங்கும் வரலாம். 1932-இல் அமெரிக்காவில் டிமான்பிரூன், குட்பாஸ்சர் என்ற இருவர் இது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் நோய் என்று ஆராய்ந்து எழுதினார்கள்.

எப்படி ஒட்டுகிறது?

வைரஸ் உள்ளே நுழைய வாயில் சின்னக் கீறல் போதும். நம்ம ஊர்க் குட்டிகள் கெளுத்தி முள்ளையும் நண்டு ஓட்டையும் கடிக்கும். கயிறு, வலை மிதவை எதையும் விடாது. கீறலுக்கா பஞ்சம்? ஒரே சட்டியில் தின்பதாலும், ஒன்றை ஒன்று நக்குவதாலும் பரவும். ஒட்டிய பிறகு 1 அல்லது 2 மாதம் கழித்துத்தான் மரு தெரியும்.

2 வயதுக்குக் குறைந்த நாய்களுக்கே அதிகம் வரும். அவற்றின் உடம்புக்கு இந்த வைரஸை இன்னும் அடையாளம் தெரியாது. தெரிந்துகொண்டதும் எதிர்த்து நிற்கும். மரு சுருங்கி உதிர்ந்துவிடும். இதற்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். சில குட்டிகளுக்கு 5 மாதமும் ஆகலாம். ஒருமுறை வந்து போனால் அதே வைரஸால் மறுபடி வருவது அரிது.

நமக்கு ஒட்டுமா?

ஒட்டாது. பூனைக்கும் ஒட்டாது. நம் கையில் வரும் மரு மனிதருக்கு மட்டும் வரும் வேறு பாப்பிலோமா வைரஸால் வருகிறது. இருந்தாலும் குட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கை வைத்தியம் செய்யலாமா?

மருவுக்குக் குதிரை முடி கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் வழக்கம். குட்டிக்கும் அதையே செய்யச் சொல்வார்கள். "நான் வெச்சேன், போயிடுச்சு" என்றும் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: தானாக உதிரும் மருவுக்கு எதை வைத்தாலும் கடைசியில் வைத்ததற்குத்தானே பெயர் கிடைக்கும்! ஆனால் சுண்ணாம்பு குட்டியின் வாயைப் புண்ணாக்கிவிடும். மருவைக் கிள்ளினால் ரத்தம் வரும், சீழ் வைக்கும்.

செய்ய வேண்டியவை:

1. தனிச் சட்டி, இல்லாவிட்டால் தனிக் கொட்டாங்குச்சியில் சோறும் தண்ணீரும் வையுங்கள்.
2. குழைந்த சோறு, முள் எடுத்த மீன் கொடுங்கள்.
3. மரு உதிரும் வரை மற்ற குட்டிகளோடு சேர விடாதீர்கள்.

கால்நடை மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

ரத்தம் வந்தால், வாய் நாறினால், குட்டி தின்ன முடியாமல் இளைத்தால், 3 மாதம் கழித்தும் மரு குறையாவிட்டால் போக வேண்டும். வயதான நாய்க்கு வாயில் கட்டி வந்தால் உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. மரு வேறு, வெறிநோய் வேறு. எச்சில் வடித்து, குணம் மாறி, கடிக்க வரும் நாயின் கிட்டே போகாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் செய்த உதவி

1995-இல் பீகிள் இன நாய்களுக்கு இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு மரு வரவே இல்லை! மனிதருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் தடுப்பூசிக்கு அந்த ஆராய்ச்சி உதவியது. அந்தத் தடுப்பூசி 2006-இல் வந்தது. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசி 2023-இல் வந்தது. நாயின் வாயில் வந்த மரு எத்தனை பெண்களின் உயிரைக் காக்கப் போகிறது பாருங்கள்!

நாயை வாயில்லா ஜீவன் என்கிறோம். அதன் வாயில் நாலு மரு வந்ததற்காக அதை அக்கரைக்கு அனுப்பலாமா? இதை வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

மருவில் கை வைக்காதீர்! குட்டியைக் கை விடாதீர்!



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி