லெதர் பர்ஸுக்குள் இருக்கும் குட்டி அட்டை: யார் எழுதிய கதை, யாரை விட்ட கதை?

புதிதாக லெதர் பர்ஸோ ஷூவோ வாங்கியவர்கள் டப்பாவுக்குள் ஒரு குட்டி அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ‘இது இயற்கையான தோல், இதில் தெரியும் கோடுகளும் தழும்புகளும் குறைகள் அல்ல’ என்கிற தொனியில் நாலு வரி இருக்கும். படித்துவிட்டு பர்ஸைத் திருப்பி அந்தக் கீறலைத் தடவிப் பார்ப்போம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ரிட்டர்ன் போட வேண்டிய பொருளை நம் கையிலேயே வைத்துக்கொள்ளச் செய்வது அந்த நாலு வரிதான். மார்க்கெட்டிங் ஆட்கள் ‘ஸ்டோரிடெல்லிங்’ என்று கோர்ஸ் நடத்துவது இதைத்தான்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூருக்கு முன்னால் வரும் ஊர் மாதனூர். பக்கத்தில் பாலாறு. ராணிப்பேட்டையில் தொடங்கி வாணியம்பாடி வரை நீளும் தோல் பெல்ட்டின் நடுவில் இருக்கிறது. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த பகுதி. இங்கே தைக்கும் ஷூக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு பிராண்ட் பெயரில் கப்பல் ஏறுகின்றன. ஷூவைத் தைப்பது இங்கே, கதையை எழுதுவது வேறெங்கோ.

சாயம் போச்சு, கதை ஹிட்டாச்சு

குறையையே கதையாக்குவதற்கு க்ளாசிக் உதாரணம் நம்ம ‘மெட்ராஸ்’ துணிதான். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் கட்டம்போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணியை வாங்கினார். (பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே நாயர்தான்.) பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டிய துணி அது. அந்த எச்சரிக்கை அமெரிக்க வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள், சாயம் கிளம்பி வந்தது. விவகாரம் வழக்கறிஞர்கள் வரை போனது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால் அங்கே கதை திரும்பியது. ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று ‘செவன்டீன்’ பத்திரிகை பக்கம் பக்கமாக எழுத, ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ ஃபேஷன் ஆனது. ‘சாயம் போகும், கேரண்டி!’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். சாயம் போகலைன்னா அது டூப்ளிகேட்!

கவனித்தால், துணி மாறவே இல்லை. மாறியது அதைப் பார்க்கும் விதம் மட்டும்தான். இதில் பொய்யும் இல்லை, அதனால்தான் கதை நின்றது.

நல்ல கதை, விட்டுப்போன கதை

தோலுக்கும் அப்படி ஒரு கதை கைவசம் இருந்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் பதப்படுத்தும் முறை. தமிழ்நாட்டின் ‘ஈ.ஐ. லெதர்’ இப்படி வந்ததுதான், அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த பொருளாக விற்றால் லாபம் இங்கேயே தங்கும் என்பது கணக்கு. கூடவே, வேலையை ஓரிரு நாளில் முடிக்கும் குரோமியம் உப்பு பரவலானது. கழிவு எங்கே போனது?

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தால் தெரியும். டேனரி பெல்ட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன. ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இந்தத் தீர்ப்பும் முக்கியக் காரணம். சட்டம் படிக்கும் எல்லோருக்கும் இது பாடம். ஷூ டப்பாவுக்குள் இருக்கும் அட்டையில்தான் இதற்கு இடமில்லை.

அதே தோல், வேறு ஹீரோ

அதே திண்டுக்கல் டேனரிகளை வைத்து டி.செல்வராஜ் எழுதிய நாவல் ‘தோல்’. 2012-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அவர் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். பிராண்ட் கதையில் ஹீரோ பொருள்தான். எங்கிருந்து வந்தது, எப்படிப் பளபளக்கிறது, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதோடு முடிந்துவிடும். நாவலில் ஹீரோ, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் ஆள். அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் ஒருவர் நிற்பார். கதை அங்கே சூடு பிடிக்கிறது. என் பார்வையில், கார்ப்பரேட் ஸ்டோரிடெல்லிங் வகுப்புகள் நாவலாசிரியர்களிடமிருந்து திருப்பத்தையும் க்ளைமாக்ஸையும் கடன் வாங்குகின்றன. எதிரில் நிற்கும் அந்த ஆளை மட்டும் நைஸாக விட்டுவிடுகின்றன.

பாலாறு கதையும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலியுங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்றது. 1996-ல் சொன்னதற்குப் பிறகு 28 வருஷம் ஓடிவிட்டது.

இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியம் ‘டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்’ கொண்டுவருகிறது. ஒரு பொருள் எதனால், எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஸ்கேன் செய்தே பார்க்கலாம். 2027 பிப்ரவரியில் மின்வாகன பேட்டரிகள் போன்றவற்றுக்குக் கட்டாயமாகிறது, பிற பொருட்கள் படிப்படியாகப் பின்னால் வரும். ஆம்பூர் ஷூவின் முறை வரும்போது, அந்த க்யூஆர் கோடுக்குப் பின்னால் இருக்கும் வரிகளை எழுதும் வேலை இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்கே வரலாம்.