மாசுணத்தின் அடைகாப்பு

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் சாலையின் இருபுறமும் விரியும் கொல்லிமலைச் சரிவு, இலையுதிர் காடும் பாறை இடுக்கும் ஓடைக்கரையும் கலந்த நிலமாதலால், 'பைதான் மொலூரஸ்' என அறிவியல் வழங்கும் இந்திய மலைப்பாம்புக்கு ஏற்ற வாழிடமாகும். சங்க இலக்கியம் இதனை மாசுணம் என்றது. வழியில் சாய்ந்து கிடக்கும் மரத்தைப் போல மாசுணம் கிடக்கும் என மலைபடுகடாம் கூறும் உவமையை வெறும் கற்பனையாகக் கொள்வதற்கில்லை. துரத்தி வேட்டையாடாமல், இரை வரும் தடத்தில் நெடுநேரம் அசையாது கிடக்கும் இதன் இயல்பைக் கண்ணாரக் கண்ட ஒருவரின் சொல்லாகவே அது ஒலிக்கிறது.

இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு பாம்பு, இக்காட்டுடன் எந்த உறவும் இல்லாதிருந்தும், அண்மைக்காலத்தில் தமிழகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழும் 'பைதான் ரீஜியஸ்' என்னும் அப்பாம்பு, அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வதால் 'பால் பைதான்', அதாவது பந்து மலைப்பாம்பு எனப் பெயர் பெற்றது. பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளராமை, நஞ்சின்மை, கடிப்பதைவிடச் சுருள்வதையே விரும்பும் குணம் ஆகிய மூன்றும் சேர்ந்து, உலகில் மிகுதியாக விற்கப்படும் வளர்ப்புப் பாம்புகளுள் ஒன்றாக அதனை ஆக்கிவிட்டன. தற்காப்புக்காக வாய்த்த பண்பே அதனைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டது எனலாம்.

இரண்டுக்கும் பொதுவானவை பல. மேலுதட்டு ஓரத்தில் வரிசையாக அமைந்த குழிகள், இருளிலும் இரையின் உடல்வெப்பத்தை உணர்கின்றன. கழிவுத் துளையின் இருமருங்கிலும் நகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள், மூதாதைகளுக்கு இருந்த பின்னங்கால்களின் எச்சங்களாகும். ஆனால் முட்டையைப் பேணும் முறையில் இவ்விரண்டும் வியக்கத்தக்க அளவில் வேறுபடுகின்றன.

பந்து மலைப்பாம்பின் தாய், தான் இடும் சில முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் காவலிருந்து ஈரம் உலராமல் காக்கிறது. உடலிலிருந்து கூடுதல் வெப்பம் எதையும் அது உண்டாக்குவதில்லை. இந்திய மலைப்பாம்போ, சூழல் குளிர்ந்தால், சுருண்ட நிலையிலேயே தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி, விக்கல் எடுப்பவரின் உடல் குலுங்குவது போலச் சீரான இடைவெளியில் துடித்து, அந்த உழைப்பில் பிறக்கும் சூட்டை முட்டைகளுக்கு அளிக்கிறது. குளிர்ரத்தப் பிராணி என்று பள்ளிப் பாடம் சொல்லித்தரும் ஓர் உயிர் கோழியைப் போல அடைகாப்பதை அறிஞர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1841-இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் விலங்கியலாளர் வாலான்சியென் அடைகாக்கும் மலைப்பாம்பின் சூட்டை அளந்து பதிவுசெய்தார். 1966-இல் நியூயார்க்கில் நெருங்கிய உறவினமான பர்மிய மலைப்பாம்பைக் கொண்டு செய்த ஆய்வு, தாயின் உடல் சூழலைவிடப் பல டிகிரி செல்சியஸ் சூடாக இருந்ததையும், குளிர் கூடக்கூடத் துடிப்பும் கூடியதையும் ஐயமற நிறுவியது. இத்தனைக்கும் தாய் பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது. முட்டைகள் பொரியும்போது அதன் எடை வெகுவாகக் குறைந்திருக்கும். சமவெளியின் கோடையில் இத்துடிப்புக்குத் தேவை குறைவு. இரவு குளிரும் மலைச்சரிவிலோ அதுவே குஞ்சுகளின் உயிராதாரமாகக்கூடும்.

அடைகாக்க இடம் வேண்டும். மலைப்பாம்பு தானாக வளை தோண்டுவதில்லை. ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் பூபதியும் விஜயனும் 1980-களில் மேற்கொண்ட ஆய்வு, அங்குள்ள மலைப்பாம்புகள் முள்ளம்பன்றி வளைகளைப் பெரிதும் சார்ந்திருந்ததைக் காட்டிற்று. இது கொல்லிமலை விவசாயிக்குச் சற்றுக் கசப்பான செய்தி; மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்பதால் அவர் வெறுக்கும் முள்ளம்பன்றியே, அதே கிழங்குக்கு வரும் எலிகளையும் காட்டுப்பன்றிக் குட்டிகளையும் விழுங்கும் பாம்புக்கு வீடு கட்டித் தருகிறது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு, யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய வரிசையில் மாசுணம் இல்லை. ஆயினும் அவ்வரிசையின் கடைசி மூன்றும், இளம் பருவத்திலாவது, அதன் இரையாகக்கூடியவையே.

சட்டத்தின் முன்னும் இவ்விரு பாம்புகளும் வெகுகாலம் சமமாக இருந்ததில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருப்பதால், அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அயல்நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதை அச்சட்டம் நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்ஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பந்து மலைப்பாம்பு இருந்தும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அத்தகைய உயிரினங்களைப் பதிவு செய்யும் கடமை உரிமையாளர்மீது சுமத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளிவந்தன. இதற்கிடையே, 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்து உரிமை கோரப்படாது கிடந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகளும், அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் பிடிபட்டன. நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்படும் இவற்றுள் 'ஸ்பைடர்' என்னும் வகை, அக்கோலத்துடன் சேர்ந்தே வரும் நரம்புக் குறையால் தலை ஆட்டமெடுத்து நிற்பது. அதனையும் அழகென்று விலைகொடுத்து வாங்குவோர் இருக்கின்றனர்.

சலித்துப்போன உரிமையாளர் ஒருவர் இத்தகைய பாம்பை இரக்கப்பட்டு ஒரு மலையோடையில் விட்டுவிட்டால், பாம்பு பிழைக்குமா என்பதைவிட, அது எதைக் கொண்டு வருகிறது என்பதே பெரிய கேள்வி. வளர்ப்புப் பந்து மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் 2014-இல் கண்டறியப்பட்டது. காட்டு மலைப்பாம்பிடம் அது பரவுமானால் பெட்டிகளைத் தனித்தனியே பிரித்து வைப்பது போலச் சரிவைப் பிரித்து வைக்க இயலாது.

உள்ளூர் ஆபத்துகள் இதைவிட எளியவை. இரவில் சாலையின் சூட்டில் படுத்துக் கிடக்கும் பாம்பு வளைவில் திரும்பும் சக்கரத்துக்குத் தப்புவது அரிது. கோடையில் சரிவில் பரவும் தீயோ, மலைப்பாம்புகள் முட்டையிட்டு அடைகாக்கும் மாசி முதல் வைகாசி வரையான மாதங்களிலேயே வருகிறது. மற்ற விலங்குகள் புகையை உணர்ந்ததும் விலகி ஓட, முள்ளம்பன்றி வளைக்குள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் தாய் மட்டும் எளிதில் இடம்பெயர்வதில்லை.