எஸ்டேட்: ஒரு சொல்லின் பொருட்பரப்பு

ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்னும் சொல் நிலவுடைமை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து, சமூகப் படிநிலை, குடியிருப்புப் பகுதி எனப் பல பொருள் தரும். அதன் இலத்தீன் மூலம் 'நிலை' எனும் பொருளது. மாநிலத்தைக் குறிக்கும் 'ஸ்டேட்' அதன் உடன்பிறப்பே.

பேராக்கின் ரப்பர்த் தொழிலாளர் அதனைத் 'தோட்டம்' என்றனர். ('பெருந்தோட்டம்' என்னும் ஏட்டுவழக்கு நம் செவிக்கு இன்றும் அந்நியமே.) அச்சொல்லில் லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அடங்கின, உடைமை மட்டும் அடங்கவில்லை. 1950களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது அவ்வின்மையின் விலை தெரிந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது, தொழிலாளரையே தோட்டத்தின் பங்குடைமையாளராக்கும் நோக்கத்துடனாகும்.

ஈப்போவைச் சுற்றிப் பல தோட்டங்கள் பின்னர் 'தாமான்' ஆயின. மலாயில் அதற்கும் தோட்டம் என்றே பொருள். அங்குக் குடியிருக்கும் முதியோர், ஊர் எதுவென வினவினால், பழைய தோட்டப் பெயரையே கூறக் கேட்கிறோம்.