நினைவு எங்கே போயிற்று?

மனிதனுக்கு ஞாபகசக்தி குறைந்தால் வல்லாரை தின்னச் சொல்வார்கள். யந்திரத்துக்குக் குறைந்தாலோ, கடைக்காரரைத் திட்டுவார்கள். சில வருஷங்களுக்கு முன் புதுச்சேரியில் நாம் பாடம் சொல்லும் பள்ளியில் நடந்தது இந்த இரண்டாவது காரியந்தான்.

பழைய மாணவர்கள் சேர்த்தளித்த பணத்தில், இரண்டு பழைய கம்ப்யூட்டர்களுக்கு ரேம் அட்டைகள் வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் 2 ஜி.பி. அட்டை இரண்டு, ஆக 4 ஜி.பி. இருக்க வேண்டும். ஒரு யந்திரம் 3.25 என்றது, மற்றொன்று 2 என்றது. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்!" என்று கமிட்டியில் கண்டனத் தீர்மானமே எழுதிவிட்டார்கள். கையொப்பமிடுமுன் ஒரு நாள் அவகாசம் கேட்டோம். ஒரு சிறு வியாபாரியின் நாணயமல்லவா அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

முதலில் செய்ய வேண்டியது, விண்டோஸ் எழுமுன் தோன்றும் பயாஸ் திரையைப் பார்ப்பது. அங்கே கணக்கு முழுதாக இருந்தால் அட்டையில் குற்றமில்லை. குறைந்திருந்தால் அட்டையையோ அது பொருந்தும் இடத்தையோ சோதிக்க வேண்டும்.

முதல் யந்திரத்தின் பயாஸ் 4 என்றே காட்டிற்று. அப்படியானால் மீதி எங்கே? நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாக எண்ணுங்கள். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. வீட்டுக்கு ஓர் இலக்கம். சாதாரண 32 பிட் விண்டோஸிடம் உள்ள இலக்கங்கள் 4,294,967,296 மாத்திரமே; அதாவது சரியாக 4 ஜி.பி. அவற்றில் ஒரு பகுதி, திரைக்குப் படம் அனுப்பும் கருவி முதலிய உறுப்புகளுக்குப் போய்விடுகிறது. அந்த அளவுக்கு ரேம் வீடுகள் இலக்கமின்றி நிற்கின்றன. வீடு உண்டு, தபால்தான் போய்ச் சேராது! பிராசஸர் இடங்கொடுத்தால் 64 பிட் விண்டோஸ் ஏற்றுவதே பரிகாரம். ஏற்றுமுன் தஸ்தாவேஜுகளைப் பிரதி எடுத்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது யந்திரத்தில் பயாஸே 2 என்றது. மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தோம். ஓர் அட்டை அரைகுறையாக உட்கார்ந்திருந்தது. ஓரத்துக் கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தினோம், கணக்கு நேராயிற்று. நம் ஊர்க் கடற்காற்றில் அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தால், பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்கலாம். அப்போதும் சரிப்படாவிடில் ஒரே அட்டையை ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தால், பழுது அட்டையிலா, இடத்திலா என்பது தெரிந்துவிடும். விண்டோஸின் 'எம்.எஸ்.கான்ஃபிக்' பகுதியில் அதிகபட்ச நினைவகத்துக்கு எவரேனும் வரம்பு குறித்திருந்தாலும் இதே குறை நேரும்.

மறுநாள் கண்டனத் தீர்மானத்தைக் கிழித்தெறிந்தோம்.

குஜராத்தின் ஸானந்தில் நினைவகச் சில்லுகளைச் சேர்த்துச் சோதிக்கும் ஆலைக்கு மைக்ரான் கம்பெனி 2023-ல் அடிக்கல் நாட்டியது. பாரத தேசத்தில் சில்லுத் தொழில் வளர்வது சந்தோஷமே. கூடவே, மூடியைத் திறந்து பார்க்கும் துணிவும், பார்க்குமுன் பிறரைப் பழிக்காத பொறுமையும் நம் பிள்ளைகளிடம் வளர வேண்டும்.