கோல்ப் மட்டையின் தண்டில் ஓர் எழுத்து!

கோல்ப் ஆட்டத்தில் "டிரைவர்" என்றால் கார் ஓட்டுகிறவர் அல்ல. அது ஒரு மட்டையின் பெயர்!

கோல்ப் ஆடுகிறவர் ஒரு பை நிறைய மட்டைகளைக் கொண்டு போவார். 14 மட்டைகள் வரை வைத்துக் கொள்ளலாம் என்பது சட்டம். அவற்றில் பெரிய தலை கொண்டது டிரைவர். பெரும்பாலும் நீளமானதும் அதுதான். முதல் அடியிலேயே பந்தை வெகு தூரம் அனுப்புவதற்காக ஏற்பட்ட மட்டை அது.

அந்த மட்டைக்கு மூன்று பாகங்கள் உண்டு. கையால் பிடிக்கும் இடம், பிடி. பந்தை அடிக்கும் இடம், தலை. இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய், தண்டு. இதை "ஷாப்ட்" என்கிறார்கள்.

கடைக்குப் போகிறவர்கள் தலையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அது பளபளவென்று இருக்கும். தண்டில் இருக்கும் ஓர் எழுத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். அதுவும் சின்னப் பணமா? அமெரிக்காவில் ஒரு புது டிரைவர் 500 டாலருக்கு மேலும் விற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, பந்து வலப்பக்கம் ஓடுகிறதே, தூரம் போகவில்லையே என்று புலம்புகிறார்கள்.

அது என்ன எழுத்து?

தண்டு பார்ப்பதற்கு இரும்புக் கம்பி போல நேராக இருக்கும். ஆனால் வீசும்போது வளையும். சில தண்டுகள் அதிகமாக வளையும். சில தண்டுகள் விறைப்பாக நிற்கும். அதைக் காட்டுவதற்கு ஐந்து எழுத்துக்கள் வைத்திருக்கிறார்கள். "எல்" என்றால் பெண்களுக்கு. "ஏ" என்றால் வயதானவர்களுக்கு. "ஆர்" என்றால் சாதாரணம். "எஸ்" என்றால் விறைப்பு. "எக்ஸ்" என்றால் மிகுந்த விறைப்பு.

இங்கேதான் மனித சுபாவம் வேலை செய்கிறது! "நான் என்ன கிழவனா, ஏ வாங்க?" என்று அறுபது வயதுக்காரர் நினைக்கிறார். "நான் என்ன சாதாரணமா, ஆர் வாங்க?" என்று வாட்டசாட்டமான வாலிபர் நினைக்கிறார். இருவரும் "எஸ்" வாங்கிக்கொண்டு போகிறார்கள். மட்டையில் இருக்கும் எழுத்தைப் பள்ளிக்கூடத்து மார்க்கு போல நினைத்து விடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடைக்காரரின் படிக்கல்லுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது. இந்த எழுத்துக்கு எந்த முத்திரையும் கிடையாது. ஒரு கம்பெனியின் "ஆர்", இன்னொரு கம்பெனியின் "எஸ்" அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பி வாங்குவது, செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குவது போலத்தான்.

கால் நொடியில் நடப்பது

மட்டையை ஓங்கி, மேலிருந்து கீழே கொண்டு வருவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய கால் நொடி. அந்தக் கால் நொடிக்குள் தண்டு என்ன செய்கிறது தெரியுமா?

கை முதலில் கீழே வருகிறது. தலை கனமானது அல்லவா? அது பின்தங்குகிறது. தண்டு பின்பக்கமாக வளைகிறது. பந்தை நெருங்கும்போது தலை வேகம் பிடித்துக் கையை முந்தப் பார்க்கிறது. இப்போது தண்டு முன்பக்கமாக வளைகிறது. அந்த வளைவோடுதான் தலை பந்தில் படுகிறது. பந்தும் தலையும் தொட்டுக் கொண்டிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்! அடித்தது கைக்குத் தெரிவதற்குள் பந்து போய்விடும்.

வில் அம்பைத் தள்ளுவது போலத் தண்டு பந்தைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வேகம் உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. தலை எந்தப் பக்கம் பார்த்துக் கொண்டு பந்தில் படுகிறது என்பதில்தான் தண்டின் பங்கு அதிகம். வலக்கைக்காரருக்குத் தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால், பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகக் கூடும். அளவுக்கு மீறி வளைந்தால், பந்து உயரமாக எழும்பி இடப்பக்கம் சாயக் கூடும்.

அதற்காக, பந்து வலப்பக்கம் போனால் உடனே தண்டை மாற்றிவிட வேண்டாம். பெரும்பாலும் குற்றம் ஆடுகிறவரிடம்தான் இருக்கும்!

மரம் போய் எஃகு வந்தது

முற்காலத்தில் தண்டுகள் மரத்தால் ஆனவை. அமெரிக்காவில் வளரும் "ஹிக்கரி" மரம் இதற்குப் பேர் போனது. கோல்ப் ஆட்டத்தின் தாயகமான ஸ்காட்லாந்துக்கு அது கப்பலில் போயிற்று. மரத்தில் ஒரு தொல்லை. அது வளைவதோடு நிற்காது. துணி பிழிவது போல முறுக்கிக் கொள்ளவும் செய்யும். வேகமாக வெட்டி இழுத்து அடிக்கிறவருக்கு மரத்தண்டு ஒத்து வராது. நிதானமாக, தாளம் தவறாமல் வீச வேண்டும்.

அப்படி வீசியவர்களில் தலைசிறந்தவர் அமெரிக்கரான பாபி ஜோன்ஸ். 1930-ம் ஆண்டில் பிரிட்டனின் இரண்டு பெரிய பட்டங்களையும், அமெரிக்காவின் இரண்டு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். எல்லாம் மரத்தண்டு மட்டையால்தான். அப்போது அவருக்கு வயது 28. அந்த ஆண்டே போட்டிகளிலிருந்து விலகிக் கொண்டார்.

அவருடைய மட்டைகளைப் பற்றி ஒரு கதை சொல்வது உண்டு. கையால் தூக்கிப் பார்த்து, வீசிப் பார்த்து, ஒவ்வொன்றாக அவர் சேர்த்தவை அவை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றைக் கருவியில் வைத்துச் சோதித்தார்களாம். ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே இனமாக இருந்தனவாம். அந்த ஒன்றைப் பற்றி ஜோன்சைக் கேட்டபோது, "அது எனக்கு எப்போதுமே தொல்லைதான்" என்றாராம்!

எஃகுத் தண்டை அமெரிக்கா முதலில் ஏற்றுக் கொண்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள பழம்பெரும் சங்கமான "ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்" தயங்கிக் கொண்டிருந்தது. 1929-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் அதே ஊருக்கு எஃகுத் தண்டு மட்டைகளோடு ஆட வந்துவிட்டார். பிறகு ஒரு பெண்ணுக்காக மணிமுடியைத் துறந்தாரே, அந்த 8-ம் எட்வர்டுதான் அவர்! இளவரசரைச் சட்ட விரோதி என்று சொல்ல முடியுமா? அதனால்தான் அனுமதி கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். எப்படியோ, அந்த ஆண்டே அனுமதி வந்தது.

1931-ம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை பில்லி பர்க் என்பவர் எஃகுத் தண்டால் வென்றார். ஆனாலும் மக்களுக்கு மரத்தின் மேல் இருந்த மோகம் தீரவில்லை. அதனால் எஃகுத் தண்டின் மேல் மர நிறத்தில் உறை போட்டு விற்றார்கள். பார்த்தால் மரம். உள்ளே எஃகு!

மூன்றாவதாக வந்தது கார்பன் இழைத் தண்டு. இதைக் "கிராபைட்" என்கிறார்கள். 1969-ம் ஆண்டில் பிராங்க் தாமஸ் என்ற என்ஜினீயர் இதைச் செய்தார். அவர் வேலை பார்த்த ஷேக்ஸ்பியர் கம்பெனி, தூண்டில் கம்புகளுக்குப் பேர் போனது. எஃகுத் தண்டு 100 கிராமுக்கு மேல் எடை இருக்கும். இன்றைய டிரைவரின் கார்பன் தண்டு 40 கிராம் முதல் 80 கிராம் வரைதான். ஒரு கோழி முட்டையின் எடை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புதியது வந்தால் எல்லோருக்கும் அதுவே சிறந்தது என்று அர்த்தமா? இல்லை. 1997-ம் ஆண்டில் 21 வயது டைகர் உட்ஸ், மாஸ்டர்ஸ் போட்டியில் 12 அடி வித்தியாசத்தில் வென்று உலகத்தை அதிர வைத்தார். அவருடைய டிரைவரில் இருந்தது பழைய எஃகுத் தண்டு. மட்டையின் நீளமும் 43½ அங்குலம்தான். அந்த அசுர வீச்சுக்கு அது ஒத்துக் கொண்டது. பிற்காலத்தில் அவரும் கார்பனுக்கு மாறினார்.

உங்களுக்கு எது?

முதலில் உங்கள் வீச்சின் வேகத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். பெரிய கடைகளிலும் பயிற்சித் திடல்களிலும் இதற்குக் கருவி இருக்கிறது. மணிக்கு 85 மைல் முதல் 95 மைல் வரை இருந்தால் "ஆர்". அதற்கு மேல் 105 வரை "எஸ்". அதையும் தாண்டினால் "எக்ஸ்". 75-க்கும் 85-க்கும் இடையில் "ஏ". அதற்கும் கீழே "எல்". இது ஒரு தோராயக் கணக்கு.

கருவி இல்லையா? பந்து தரையில் விழும் இடம் வரை அளந்து பாருங்கள். உருண்டு ஓடிய தூரத்தைச் சேர்க்கக் கூடாது. 200 கெஜத்திலிருந்து 240 கெஜம் வரை போனால் "ஆர்" போதும். எப்போதோ ஒரு நாள் காற்று அடித்து 260 கெஜம் போனதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!

"எல்" பெண்களுக்கு என்று எழுதியிருந்தாலும், அதை அப்படியே நம்ப வேண்டாம். தொழிலாக ஆடும் பெண்களின் வீச்சு சராசரியாக மணிக்கு 95 மைல் அளவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் ஆண்களில் பலர் அந்த வேகத்தை எட்டுவது இல்லை. மனைவி "எஸ்"-சும் கணவர் "ஆர்"-ரும் வாங்க வேண்டி வந்தால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வேகம் மட்டும் போதாது. ஒரே வேகம் உள்ள இருவரில் ஒருவர் மேலே போன மட்டையை வெடுக்கென்று இழுப்பார். இன்னொருவர் ஊஞ்சல் போல நிதானமாகத் திருப்புவார். முதல்வருக்குக் கொஞ்சம் விறைப்பும் கனமும் வேண்டும். இரண்டாமவருக்கு இலேசான தண்டு சுகமாக இருக்கும். விறைப்பைக் காட்டிலும் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். விறைப்பு தவறினால் பந்துதான் கோணும். எடை தவறினால் பதினைந்தாவது குழிக்கு வரும்போது கை சோர்ந்துவிடும்.

நீளத்தில் ஆசை வைக்காதீர்கள். நீண்ட மட்டை வேகமாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் தலையின் நடுவில் பந்து படுவது கடினம். நடுவில் படாத அடி தூரம் போகாது. முதல்தர ஆட்டக்காரர்களில் பலரே 45 அங்குலத்துக்கு மேல் போவது இல்லை.

கடையில் சோதிக்கும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் ட்ரூ டெம்பர் என்ற தண்டுக் கம்பெனி ஓர் அடிக்கும் எந்திரம் செய்தது. பைரன் நெல்சன் என்ற மாபெரும் ஆட்டக்காரரின் வீச்சைப் பார்த்துச் செய்ததால், அதற்கு "அயர்ன் பைரன்", அதாவது "இரும்பு பைரன்" என்று பெயர். எந்தத் தண்டைக் கொடுத்தாலும் அது ஒரே மாதிரி வீசும். மனிதன் அப்படி அல்ல. தண்டு மாறியதும், அவன் அறியாமலே அவன் வீச்சும் மாறிவிடும். புதுத் தண்டில் முதல் நாலு அடி பிரமாதமாகப் போகும்! அதைப் பார்த்து ஏமாறாமல் இருபது பந்தாவது அடியுங்கள். இரண்டு, மூன்று தண்டுகளை மாற்றி மாற்றி அடியுங்கள். மறுநாளும் போய் அடிப்பது இன்னும் நல்லது. எது மிக அதிக தூரம் போயிற்று என்று பார்க்காமல், எதில் பந்துகள் ஒரே இடத்தில் குவிந்தன என்று பாருங்கள்.

பிள்ளைகள் விஷயம்

அப்பா புது டிரைவர் வாங்கியதும் பழையதை என்ன செய்கிறார்? தண்டை அறுத்துக் குட்டையாக்கி, பத்து வயதுப் பையனிடம் கொடுக்கிறார். சிக்கனம்தான். ஆனால் தண்டைக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும். அப்பாவுக்கு வளைந்த தண்டு, பையனுக்குக் கடப்பாரை ஆகிவிடுகிறது. தலையோ ஏறக்குறைய 200 கிராம் எடை. அது குறையவே இல்லை. பாவம், பையன் அதைத் தூக்குவதற்காக முதுகை வளைத்து, இடுப்பை ஒடித்து, உடம்பு முழுவதையும் வீசி அடிக்கிறான். அந்தக் கோணல் பழகிவிட்டால், பிறகு நல்ல மட்டை கொடுத்தாலும் நிமிர மாட்டான்.

சிறுவர்களுக்கென்று இலேசான தலையும், நன்றாக வளையும் மெல்லிய தண்டும் கொண்ட மட்டைகள் இருக்கின்றன. வளர்கிற பிள்ளைக்குச் சட்டையை ஒரு சுற்று பெரிதாகத் தைப்பது போல, இதிலும் ஓர் அங்குலம் கூட்டி வாங்கலாம். பையன் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக் கொள்வான். அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.