மெதுவான கணினிக்கு மறுவாழ்வு

நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் கணினி திறப்பதற்கே போய்விட்டால், அடுத்த வாரம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். திரைக்குள்ளேயே எல்லாப் பாகங்களும் அடங்கிய ஆல்-இன்-ஒன் கணினிகள் சில, இப்படித்தான் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. பல நேரங்களில் குறை கணினியில் இல்லை. உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க்கில்தான்.

ஏன் தாமதம்?

ஹார்டு டிஸ்க்கில் தகவல்கள் சுழலும் தட்டில் பதிவாகின்றன. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லி நொடி ஆகும். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடும்போது இது பல நொடிகளாகப் பெருகுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பும் இல்லை. இக்கணக்கை மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

முதலில் உறுதிசெய்வோம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய வேலைக்கும் டிஸ்க் பயன்பாடு நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால் மாற்றம் பலன் தரும். ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அதையும் கூட்டுவது நல்லது.

எது பொருந்தும்?

கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டைப் பார்க்க வேண்டும். பல கணினிகளில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும், சிலவற்றில் எம்.2 இடமும் உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது. 2021இல் வந்த 24 அங்குல ஐமேக்கில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

செய்யும் முறை

1. உத்தரவாதக் காலம் முடிந்ததா எனப் பார்த்து, தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெறவேண்டும்.

2. தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சோதிக்கவேண்டும்.

3. 1 டிபி டிஸ்க்கிலிருந்து 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறும்போது, அப்படியே நகலெடுப்பதைவிட இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது எளிது. நிறுவல் பென்டிரைவை முன்பே தயாரிக்கவேண்டும். தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் மறக்கக் கூடாது.

4. மின்இணைப்பை நீக்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தவேண்டும். மெத்தென்ற துணியில் திரையைக் குப்புற வைத்து, பின்மூடியைக் கழற்றலாம். உள்ளே மின்வழங்கிப் பெட்டி இருந்தால் அதைத் தொடக் கூடாது. அத்தகைய கணினியைத் தொழில்நுட்பரிடம் விடுவதே பாதுகாப்பு.

5. உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை அதே தாங்கியில் பொருத்தி இயங்குதளத்தை நிறுவலாம்.

பழைய டிஸ்க் எங்கே போகிறது?

நாம் அதிகம் கவனிக்காதது இதுதான். அதில் மாணவர்களின் ஆதார் எண், பெற்றோர் கைப்பேசி எண், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கலாம். கோப்பை அழித்தாலும் தகவல் டிஸ்க்கிலேயே தங்கியிருக்கும். எளிய மென்பொருளால் மீட்டுவிடலாம். எனவே கடையில் விட்டுவரக் கூடாது. யுஎஸ்பி உறையில் போட்டு, முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழித்த பிறகே வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கவேண்டும். அதுவரை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

பழைய டிஸ்க், புதிய எஸ்எஸ்டி இரண்டின் வரிசை எண்களையும் இருப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பணி நிறைவடையும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு கணினியில் செய்து பார்த்து, ஒரு மாதம் வகுப்பில் பயன்படுத்திய பின் மற்றவற்றுக்குச் செல்லலாம்.