குதிரை கொடுக்கும் ரத்தம்

சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய். அதில் பாம்பு கடித்தவரின் கையிலிருந்து அப்போதுதான் எடுத்த 2 மில்லி ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து குழாயைச் சாய்க்கிறார்கள். ரத்தம் உறைந்து அடியிலேயே நின்றால் மருத்துவருக்குக் கொஞ்சம் நிம்மதி. தண்ணீர்போல வழிந்தால், கடித்தது கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோதான் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தமே ஒழுங்காக உறையாது. அதனால் கண்ணாடிதான் வேண்டும். மற்றபடி கருவியோ மின்சாரமோ தேவையில்லாத சோதனை இது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம்.

ஏரியும் நெல்வயலும் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது மிகவும் வேண்டிய சோதனை. நெல் விளையும் இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வரப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களும், இருட்டில் மடை திருப்பப் போகிறவர்களும், தரையில் படுத்து உறங்குபவர்களும்தான் பெரும்பாலும் கடிபடுகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர்.

கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் ஏன் உறையாமல் போகிறது? அந்த விஷம் உறைதலைத் தடுப்பதில்லை. மாறாக, ரத்தக் குழாய்க்குள்ளேயே உறைதலைக் கண்டபடி தூண்டிவிடுகிறது. உறைதலுக்கு உதவும் புரதங்களில் ஐந்தாம் காரணியையும் பத்தாம் காரணியையும் அது முடுக்கிவிட, உடம்பில் இருக்கும் ஃபைப்ரினோஜன் வீணாகச் செலவாகித் தீர்கிறது. பிறகு உண்மையாகவே ரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறைய எதுவும் மிச்சமிருக்காது. ஈறில் கசியும், சிறுநீர் சிவக்கும், ஊசி போட்ட இடம் நிற்காமல் ஒழுகும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போவதும் உண்டு. இதே விஷத்தை மிகமிக நீர்க்கச் செய்து, ஹீமோஃபீலியா நோயாளியின் காயத்தில் தடவி ரத்தப்போக்கை நிறுத்தலாம் என்று லண்டனில் மக்ஃபர்லேனும் பார்னெட்டும் 1934இல் காட்டினார்கள். ரத்த உறைதல் ஆய்வகங்களில் இன்றும் அது ஒரு சோதனைப் பொருள்.

ரத்தம் ஒழுகுவதைப் பார்க்கும் உறவினர்களுக்கு முதலில் தோன்றுவது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்பதுதான். தம்பி, மச்சான், ஊர்க்காரர்கள் என்று ரத்த வங்கியின் முன்னால் கையை நீட்டத் தயாராக நிற்பார்கள். அந்த மனது பெரியது. ஆனால் விஷம் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பில் புது ரத்தத்தையோ பிளாஸ்மாவையோ மட்டும் ஏற்றினால், அதிலிருக்கும் உறைதல் புரதங்களையும் விஷம் தின்று தீர்த்துவிடும். முதலில் விஷம் முறிய வேண்டும். அதற்கான மருந்தும் ரத்தத்திலிருந்து வருவதுதான். கொடுத்தது மட்டும் குதிரை. மனிதர் கொடுக்கும் ரத்தம் பயன்பட வேண்டுமானால், குதிரை கொடுத்தது முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும்.

செங்கல்பட்டின் ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரிகளில் நடக்கும் ரத்ததான முகாம்களில் படுத்து எழுந்தவர்களுக்கு மனிதக் கொடை எப்படி நடக்கும் என்று தெரியும். நீளமான கேள்வித்தாள். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு குத்து. அந்தச் சொட்டு நீலநிற காப்பர் சல்ஃபேட் கரைசலில் மூழ்கினால் ஹீமோகுளோபின் போதுமானது, மிதந்தால் அன்றைக்குக் கிடையாது. பிறகு முழங்கை மடிப்பில் ஊசி, உள்ளங்கையில் அழுத்திவிட ஒரு பந்து, சில நிமிடங்களில் 350 மில்லி. உடம்பில் ஓடும் சுமார் 5 லிட்டரில் அது பதினான்கில் ஒரு பங்கு. எழுந்ததும் ஜூஸும் பிஸ்கட்டும். இழந்த நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உடம்பு ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்ளும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்ற விதி அதனால்தான்.

குதிரையின் கதை இதைவிட நீண்டது. விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களின் லாயங்களில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் மிக நுண்ணிய அளவில் குதிரையின் தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல அளவு கூட்டப்படும். குதிரையின் உடம்பு அந்த விஷங்களை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை போதிய அளவுக்குப் பெருகிய பிறகே கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 13 முதல் 15 மில்லி வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 450 கிலோ எடையுள்ள குதிரையிடமிருந்து ஏறக்குறைய 6 லிட்டர். எதிர்ப்பொருள் இருப்பது பிளாஸ்மாவில்தான். ஆகவே அதை மட்டும் பிரித்தெடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிடுவது நல்ல முறை. அப்படிச் செய்தால் ரத்தசோகை வராது, குதிரையும் சீக்கிரம் தேறும். பெரிய ரத்த வங்கிகளில் மனிதரிடமிருந்து தட்டணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்களே, அதே தத்துவம்.

காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் இந்தியா நிறுத்திவிட்டது. மனிதக் கொடையாளி இன்று தன் விருப்பத்தோடு படுக்கிறார். மயக்கம் வருவதுபோல் இருந்தால் சொல்வார், வேண்டாமென்றால் எழுந்து போவார். குதிரையால் இது எதுவும் முடியாது. விஷம் செலுத்திய இடத்தில் கட்டி வருகிறதா, எடை குறைகிறதா, இரண்டு முறை ரத்தம் எடுப்பதற்கு நடுவே போதிய ஓய்வு கிடைக்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பு முழுக்க லாயத்தை நடத்துபவர்களுடையது. இந்த மருந்தால் உயிர் பிழைக்கும் ஒரு நாடு அந்தப் பொறுப்பைக் கறாராகக் கண்காணிப்பதுதான் நியாயம்.

விஷத்துக்கு ரத்தத்திலேயே மாற்று தேடும் வழி 1890களில் திறந்தது. பெரிங்கும் கிடசாடோவும் 1890இல் பெர்லினில் ஒரு விலங்கின் சீரம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் என்று நிறுவினார்கள். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் வேலை பார்த்த ஆல்பெர் கால்மெட், வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்ததை அறிந்து இந்த ஆராய்ச்சிக்குள் வந்தார். சில ஆண்டுகளிலேயே குதிரைச் சீரம் தயாரானது. எல்லாப் பாம்புக்கும் இது கேட்கும் என்று அவர் நம்பினார். கேட்காது என்று பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டல் பிரேசில் விரைவிலேயே காட்டினார். எந்தப் பாம்பின் விஷம் குதிரைக்குள் போனதோ, அந்தப் பாம்புக்குத்தான் அதன் ரத்தம் மருந்து.

இந்தியக் குதிரைகளுக்குள் போகும் விஷத்தில் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் மணல்மேல் ஒரு பாம்பு. மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க விட்டு விஷத்தை எடுக்கிறார்கள். 21 நாளில் நான்கு முறை எடுத்துவிட்டு, அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாமலிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் கொடுத்தவருக்கு இடைவெளி இருப்பதுபோல, விஷம் கொடுத்த பாம்புக்கும் ஓர் இடைவெளி இருக்கிறது.

சங்கம் 1978இல் உருவானது. அதற்குமுன் இருளர் பழங்குடியினர் பிடித்த பாம்புகள் தோல் வியாபாரிகளுக்குப் போயின. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காப்பாற்றின. இருளர்களின் பிழைப்பை உடைத்தன. கையில் இருந்த திறமை அப்படியே இருந்தது. கடப்பாரையும் ஒரு சாக்குப் பையும் எடுத்துக்கொண்டு, மண்ணில் தெரியும் தடத்தையும் வளை வாயில் கிடக்கும் எச்சத்தையும் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமைக்கு உயிரைக் கொல்லாத ஒரு வேலையைக் கண்டுபிடித்ததுதான் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து செய்த காரியம். மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கான இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவதைப் படமெடுக்கும் பயணிகளில், தங்கள் ஊர் மருத்துவமனையின் மருந்து அலமாரிக்கும் இவர்களுக்கும் உள்ள தொடர்பை எத்தனை பேர் அறிவார்கள்? செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பெருகித் தவித்த அமெரிக்காவின் ஃபுளோரிடா 2017இல் இவர்களைத்தான் அழைத்தது. விருது சரிதான். ஆனால் பாம்பு பிடிக்கும் அனுமதி தாமதமாகும்போது இந்தக் குடும்பங்களின் வருமானம் அப்படியே நின்றுபோகிறது. அந்த அனுமதி காலத்தில் கைக்கு வருவது விருதைவிட அவசரமானது.

குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து, பெப்சின் நொதியால் வெட்டிச் சுத்தப்படுத்தி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைத் தூள் கிடைக்கும். அதை 10 மில்லி நீரில் கரைத்தால் ஒரு குப்பி மருந்து. ஒவ்வொரு மில்லியும் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். அதாவது ஒரு குப்பிக்கு 6 மில்லிகிராம். ஒரு கடியில் கண்ணாடி விரியன் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தைச் செலுத்துகிறது. தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி ஏற்றுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ‘இத்தனை பாட்டிலா?’ என்று திகைக்கும் வீட்டாருக்கு இதைச் சொன்னால் புரியும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அந்தக் கண்ணாடிக் குழாய். ரத்தம் இன்னும் உறையவில்லை என்றால் மறுபடி மருந்து.

குதிரைப் புரதம் நம் உடம்புக்கு அந்நியம். சிலருக்கு மருந்து ஏறும்போதே அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும். அதற்காகவே பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வருவதுண்டு. இரண்டையும் சமாளிக்க முடியும். கடிவாயை இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் செய்யும் கேடு அப்படிப்பட்டதல்ல. அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு முதலுதவி இல்லை.

விட்டல் பிரேசில் காட்டிய சிக்கல் இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்துப் பாம்புகளின் விஷத்தில் உருவான மருந்து, ராஜஸ்தான் பாலைவனத்து நல்ல பாம்பின் விஷத்துக்கு எதிராகப் பலவீனமாக இருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனாகர் குழு 2021இல் காட்டியது. அந்தக் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் போன்றவற்றின் ஒருவகை நரம்பு நஞ்சை முறிக்கும் மனித எதிர்ப்பொருள் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கி 2024இல் வெளியிட்டார்கள். 2025இல் இன்னொரு பாதை தெரிந்தது. சுமார் 18 ஆண்டுகள் விஷத்தைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, ஒருமுறை சாவின் விளிம்புவரை போய் வந்த டிம் ஃபிரீட் என்ற அமெரிக்கர், வெறும் 40 மில்லி ரத்தம் கொடுத்தார். அதிலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்பொருள்களும் ஒரு மருந்தும் சேர்ந்த கலவை, நாகமும் கட்டுவிரியனும் அடங்கிய குடும்பத்தின் 19 பாம்புகளின் விஷத்துக்கு எதிராக எலிகளில் சோதிக்கப்பட்டு, பெரும்பாலானவற்றில் முழுப் பாதுகாப்பு தந்தது. அவர் செய்ததை வேறு யாரும் செய்யக் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றுக்கு அந்தக் கலவை கேட்காது. ஆகவே வயல்வெளிக்கு இன்னும் குதிரைதான் துணை.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் எத்தனை கடி என்பது தெரிந்தால், எந்தச் சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல முடியும்.

பிழைத்து வீடு திரும்பியவர்கள் சிலர், தங்கள் ரத்தம் இனி யாருக்கும் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. விஷமுறிவு மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டவர் 28 நாளுக்குப் பிறகும், மனித ரத்தமும் ஏற்றிக்கொண்டவர் 12 மாதத்துக்குப் பிறகும், மற்ற தகுதிகள் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம் என்கின்றன இந்தியாவின் கொடையாளர் தேர்வு விதிகள்.